விஞ்ஞான முற்றம்: களிமண்ணில் குடியேறிய நொதியங்கள்



சென்ற கோடையில் ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகருக்கு அண்மையில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்கு நாம் போயிருந்தோம். மூன்று ஆண்டுகள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு பேராக நெருங்கியிருந்து, பகல் வேலையும் இரவு வேலையும் மாறி மாறிச் செய்து மிச்சம் பிடித்து, கடன் எடுத்து வாங்கிய முதல் வீடு. பால் காய்ச்சி மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. ஆனால் வீட்டுக்காரரின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை. வரவேற்பறைச் சுவரின் மூலையில் மெல்லிய வெடிப்பொன்று மேலிருந்து கீழாக ஓடியிருந்தது. பின்கதவைச் சாத்தினால் திறப்பது பெரும்பாடு. "வாங்கினது பிழையான வீடோ எண்டு நித்திரை வருகுதில்லை" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு அமெரிக்க முதியவரோ புல்லுக்கு விடாமல், அத்திவாரத்தைச் சுற்றிக் குழாய் போட்டு மண்ணுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தவர்கள் அதைக் காட்டிச் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர் மட்டுமே. அவர் அந்த வீட்டுப் பெரியவர். ஒருகாலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். அவர் மெல்லப் படியிறங்கிப் போய் ஒரு பிடி மண்ணை அள்ளினார். தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நாடா போல நீளமாக நசித்தார். நாடா அறாமல் நீண்டது.

"உது வேறையொண்டுமில்லை. எங்கடை முருங்கன் மண்தான். காய்ஞ்சால் வெடிக்கும், நனைஞ்சால் ஊதும். அந்த மனிசன் செய்யிறது சரி" என்றார்.

அந்த ஒரு பிடி மண்ணிலிருந்துதான் இம்முறை எமது பக்கம் தொடங்குகிறது. ஏனென்றால் அதே மண்ணின் மற்றொரு குணத்தை அந்த வீட்டுப் பேத்தி கல்லூரி ஆய்வுகூடத்தில் தேடிக்கொண்டிருந்தாள். விலையுயர்ந்த நொதியங்களைப் பிடித்துவைத்து, மீண்டும் மீண்டும் வேலை வாங்க உதவும் குணம் அது.

முருங்கனும் ஹூஸ்ரனும்

மன்னார் மாவட்டத்து முருங்கன் வயல்களைக் கண்டவர்களுக்கு அந்தக் கரிய களிமண்ணை மறக்க முடியாது. மாரியில் காலை இழுத்துப் பிடிக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். 1950இல் உற்பத்தி தொடங்கி 1990இல் போரினால் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் குடாநாட்டிலேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. பெரியவரின் கை அந்த மண்ணை அறிந்திருந்ததில் வியப்பில்லை.

ஹூஸ்ரன் சுற்றுவட்டாரத்து மண்ணும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். இங்குள்ளோர் அதைக் 'கம்போ' என்று அழைக்கிறார்கள். சன் அன்ரோனியோவுக்கு வடக்கிலிருந்து டலஸ் வரை நீளும் கரும்புல்வெளி மண்ணும் இவ்வினமே. இவை வீங்குவதற்குக் காரணம் 'மொன்மொறிலனைற்று' என்ற களிக் கனிமமும் அதன் உறவுகளும். பிரான்சிலுள்ள மொன்மொறிலோன் என்னும் ஊரின் பெயரால் வந்த பெயர் இது. இக்கனிமம் மிகுந்த களிமண்ணை வணிகத்தில் 'பென்ரனைற்று' என்பார்கள். சுப்பர்மார்க்கெற்றில் பூனைக்கென்று விற்கும், நனைந்தால் கட்டியாகும் மணலும் பெரும்பாலும் இதுதான். ரெக்சாசிலுள்ள கொன்சாலஸ் என்ற ஊர் இக்களிமண்ணுக்குப் பேர் போனது.

இந்தக் களிமண்ணை மிகப் பெரிதாக்கிப் பார்த்தால், புத்தகத்தின் ஒற்றைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளாகத் தெரியும். ஒரு தகட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரு நனோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு. தகடுகள் மறையேற்றம் கொண்டவை. ஆகவே சோடியம், கல்சியம் போன்ற நேரேற்றமுள்ள துணிக்கைகள் வந்து இடையில் குந்திக்கொள்கின்றன. அவற்றைத் தேடித் தண்ணீரும் உள்ளே வருகிறது. ஒற்றைகள் விலகுகின்றன, மண் ஊதுகிறது, கதவு இறுகுகிறது. வெயிலில் தண்ணீர் போனால் ஒற்றைகள் ஒட்டுகின்றன, மண் சுருங்குகிறது, சுவர் வெடிக்கிறது.

இத்தனை தகடுகள் இருப்பதால் மேற்பரப்பும் மிக அதிகம். தூய மொன்மொறிலனைற்று ஒரு கிராமிலுள்ள தகடுகள் எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 750 சதுர மீற்றர் வரும். எமது ஊர்க் கணக்கில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அப்படியானால் கரண்டி நுனியில் எடுக்கும் ஒரு கிராம் களிக்குள் மூன்று பரப்புக் காணி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது! காணியை விட்டு வந்த எமக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார். "உறுதி எழுதித் தருவினமோ?" என்று கேட்டார்.

(வீட்டு வெடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மயிர் போன்ற மெல்லிய வெடிப்பு இப்பகுதி வீடுகளில் சாதாரணம். வறட்சிக் காலத்தில் அத்திவாரத்திலிருந்து ஓரடிக்குமேல் தள்ளிக் குழாய் போட்டு, நாலு பக்கமும் ஒரே அளவாக மண்ணை ஈரமாக வைப்பது இங்குள்ள வழக்கம். வெடிப்பு அகன்றுகொண்டு போனாலோ, தரை சரிந்தாலோ காலம் தாழ்த்தாமல் அத்திவாரம் பார்க்கும் பொறியியலாளரிடம் காட்டுங்கள்.)

நொதியம் என்றால் என்ன?

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் பப்பாசிக்காயை அரைத்துப் பூசிவைப்பது அம்மாமார் அறிந்த வித்தை. பப்பாசிப் பாலிலுள்ள நொதியம் இறைச்சியின் புரதத்தை அறுத்து மெதுவாக்குகிறது. சோற்றை நன்றாகச் சப்பினால் இனிப்பதும் உமிழ்நீரிலுள்ள நொதியத்தால்தான். அது மாப்பொருளை வெல்லமாக உடைக்கிறது. நொதியங்கள் உயிர்கள் உண்டாக்கும் ஊக்கிகள். தாம் செலவாகாமல் பிற பொருட்களை மாற்றுவன. அவை புரதங்கள் என்பதை 1926இல் நியூ யோர்க் மாநிலத்துக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் என்பவர் காட்டினார். எமது வாளவரைக்கு நெருங்கிய இனமான ஓர் அவரையிலிருந்து 'யூரியேசு' என்ற நொதியத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1946இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

தாம் செலவாவதில்லை என்றோம். பிறகு ஏன் நொதியங்கள் ஆலைக்காரருக்குச் செலவு வைக்கின்றன? தண்ணீரில் கரைந்துவிடுவதுதான் காரணம். நீங்கள் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தூள் பெட்டியின் பின்புறத்தை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் நொதியங்கள் என்று எழுதியிருக்கும். அவை கறையை அறுத்துவிட்டு, இன்னும் வேலை செய்யும் தெம்பிருக்கும்போதே அழுக்குத் தண்ணீரோடு குழாயில் இறங்கிப் போய்விடுகின்றன. ஆலைகளிலும் இதே கதைதான். வேலை முடிந்தபின் நொதியத்தைப் பாகிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். கொதிக்க வைத்தால் அது செத்துவிடும். அடுத்த தொட்டிக்குப் புதிதாக வாங்க வேண்டும்.

இதற்கு எங்கள் வீடுகளில் ஒரு தீர்வு இருக்கிறது. குடிநீர் காய்ச்சும்போது மருந்துச் சரக்கைத் துணியில் முடிந்து பானையில் இறக்குவோம். சாரம் தண்ணீரில் இறங்கும், சக்கை இறங்காது. முடிச்சைத் தூக்கினால் எல்லாம் கையோடு வரும். நொதியத்தையும் ஏதாவதொன்றில் இப்படி முடிந்துவிட்டால்? இதைத்தான் விஞ்ஞானிகள் நொதியத்தைப் பதித்தல் என்கிறார்கள். நொதியத்தை ஒட்டிவைக்கும் பொருளுக்குத் 'தாங்கி' என்று பெயர்.

கரியிலிருந்து சோளப் பாகு வரை

1916இல், நியூ ஜேர்சியிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நெல்சன், கிரிபின் என்ற இருவர் சீனியை உடைக்கும் 'இன்வேற்றேசு' நொதியத்தைக் கரித்தூளில் ஒட்டவைத்தார்கள். ஒட்டிய பிறகும் அது சீனியை உடைத்தது. பிடித்துவைத்தால் வேலை செய்யாது என்ற எண்ணம் பிழையென்று தெரிந்தது. ஆனால் ஆலைக்கு வர அரை நூற்றாண்டு பிடித்தது. 1969இல் யப்பானின் ஒசாகா நகரில் இச்சிரோ சிபாத்தாவும் குழுவினரும் அமினோ அமிலம் தயாரிப்பதில் பதித்த நொதியத்தை முதன்முதலாகத் தொழில் அளவில் பயன்படுத்தினர். செலவு ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது.

அமெரிக்காவில் இதைத் தினமும் குடிப்பவர்கள் இலட்சக்கணக்கானோர். பிள்ளைகள் கேட்கும் சோடாப் போத்தலில் சீனிக்குப் பதிலாகச் சோளப் பாகு என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். சோள மாவிலிருந்து வரும் குளுக்கோசு அவ்வளவு இனிப்பில்லை. அதில் ஒரு பங்கைப் பிரக்ரோசாக மாற்றினால் சீனியளவு இனிப்பு வரும். இவ்வேலையைச் செய்யும் நொதியத்தை மணிமணியாகப் பதித்து, உயர்ந்த குழாய்களில் நிரப்பி, மேலிருந்து பாகை ஊற்றிக் கீழே இனிப்புப் பாகாக எடுக்கிறார்கள். 1960களின் இறுதியில் அயோவா மாநிலத்துக் கிளின்ரன் நகரில் இத்தொழில் தொடங்கியது. 1984இல் இரு பெரும் கோலாக் கம்பனிகளும் அமெரிக்காவில் சீனியை விட்டு முற்றாக இப்பாகுக்கு மாறின. ஒரு கிலோ பதித்த நொதியம் பத்துத் தொன்னுக்கு மேல் பாகைத் தரும், மாதக்கணக்கில் உழைக்கும். (பாகு மலிவு என்பதற்காகப் பிள்ளைகளுக்கு அளவின்றிக் கொடுக்க வேண்டாம். நீரிழிவு எமது குடும்பங்களில் ஏற்கெனவே போதியளவு உண்டு.)

மண் முன்னமே செய்த வேலை

தாங்கியாகக் கரியும் பிளாஸ்ரிக் மணியும் கண்ணாடித் துகளும் பயன்படுகின்றன. பலவற்றுக்கு விலை அதிகம். களிமண்ணோ மலிவு, நஞ்சில்லை, வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் ஓரளவு தாங்கும், ஒரு கிராமில் மூன்று பரப்புக் காணி வேறு. மேலும், மனிதன் நினைப்பதற்கு வெகுகாலம் முன்பே இயற்கை இதைச் செய்து வைத்திருக்கிறது.

வயலுக்கு யூரியா எறிந்தவர்கள் எம்மில் பலர். பயிர் யூரியாவைப் பெரும்பாலும் அப்படியே உண்பதில்லை. முன்சொன்ன யூரியேசு நொதியம் மண்ணில் இருந்து அதை அமோனியாவாக உடைக்கிறது. இந்த நொதியத்தை விட்டுச்சென்ற நுண்ணுயிர்கள் எப்போதோ இறந்திருக்கும். நொதியம் மட்டும் களிமண்ணிலும் மக்கிய பொருளிலும் ஒட்டிக்கொண்டு அழியாமல் கிடக்கிறது. வெறும் தண்ணீரில் விட்டால் மற்ற நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். மண்ணின் இடுக்கில் ஒதுங்கியதால் தப்பியது.

இதை நுணுகி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சன் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலுள்ள பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மக்லாரன். 1950களில் அவரும் தோழர்களும் கயோலினைற்று, மொன்மொறிலனைற்று ஆகிய களிகளில் நொதியங்களை ஒட்டவைத்து அளந்தார்கள். கயோலினைற்று என்பது வீங்காத, பீங்கான் செய்யும் வெள்ளைக் களி. நியூ ஜேர்சியின் உட்பிரிட்ஜ், சேயர்வில் பகுதிகளில் இருப்போரின் காலடியிலும் அவ்வகைக் களி உண்டு. செங்கல்லுக்குப் பேர் போன ஊர்கள் அவை. கயோலினைற்றில் நொதியம் வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டுகிறது. மொன்மொறிலனைற்றில் ஒற்றைகளுக்கு இடையிலும் நுழைகிறது. பின்னாளில் அவரது குழுவினர் அலாஸ்காவில் பல ஆயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் நொதிய வேலை எஞ்சியிருப்பதைக் கண்டார்கள்.

இன்னொன்றும் கண்டார்கள். களியின் மறையேற்றம் அமிலத் துணிக்கைகளைத் தன்னருகே இழுத்து வைத்திருப்பதால், தண்ணீரை விடக் களியின் மேற்பரப்பு கூடுதலாகப் புளித்திருக்கிறது. ஆகவே ஒட்டிய நொதியம் நன்றாக வேலை செய்யச் சுற்றியுள்ள தண்ணீரின் புளிப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. புதிய இடத்தில் பழைய பழக்கம் அப்படியே செல்லுபடியாகவில்லை!

பேத்தியின் மூன்று குவளைகள்

இப்போது அந்த ஹூஸ்ரன் வீட்டுக்குத் திரும்புவோம். பேத்தி அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் இரசாயனவியல் படிக்கிறாள். மாப்பொருளை உடைக்கும் அமைலேசு நொதியத்தைக் களிமண்ணில் பதித்து, எத்தனை தடவை வேலை வாங்கலாம் என்று காட்டுவதே அவளது செயற்றிட்டம். அளப்பது எளிது. கஞ்சித் தண்ணீரில் அயடீன் விட்டால் நீலமாகும். நொதியம் மாப்பொருளை உடைத்துவிட்டால் நீலம் வராது.

முதல் குவளையில் நீலம் வரவில்லை. களியை வடித்துக் கழுவி இரண்டாம் குவளையில் போட்டாள். மங்கலான நீலம் வந்தது. மூன்றாம் குவளை முழு நீலம். நொதியம் கழுவிய தண்ணீரோடு போய்விட்டது. தகப்பனாருக்கோ பொறுமையில்லை. "மண்ணைப் பிசைஞ்சு என்ன வரப்போகுது? ஒரு வருசத்திலை வேலை கிடைக்கிற படிப்பாய்ப் பார் பிள்ளை" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாதம் முதலாந் திகதி வீட்டுக் கடன் வாசலில் நிற்கும். பிள்ளையும் பாடத்தை விட்டுவிடும் மனநிலையில்தான் இருந்தாள்.

நாம் போயிருந்த அன்று பெரியவர் அவளது குறிப்புக் கொப்பியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஆங்கிலம் முழுதும் விளங்காவிட்டாலும் படங்கள் விளங்கின.

"பிள்ளை, மண்ணை வளவிலை இருந்து அப்பிடியே எடுத்தனியோ?"

"ஓம் அப்பப்பா."

"அதுதான் பிழை. உதுக்குள்ளை மணல் இருக்கு, உப்பு இருக்கு, சுண்ணாம்பும் இருக்கு. நீ நொதியத்தைக் குந்தவைக்க முதல் கதிரையிலை வேறை ஆக்கள் இருக்கினம். முதல்லை கரைச்சு அடைய விடு. மணல் கெதியாய் அடியிலை போகும். மேலை கலங்கி நிக்கிறதை மட்டும் வேறையா வார்த்தெடு. அதைத்தான் களி எண்டு சொல்லுறது. பிறகு உப்புப் போகுமட்டும் நல்ல தண்ணியிலை கழுவு."

இதற்கு மேல் ஒரு விஞ்ஞான விளக்கம் தேவையா? ஆயினும் சொல்வோம். நொதியம் களியில் ஒட்டுவது பெரும்பாலும் மின்னேற்றக் கவர்ச்சியால். புரதம் நேரேற்றமாக இருக்கும்படி தண்ணீரைச் சற்றே அமிலமாக வைத்தால் மறையேற்றக் களி அதைப் பிடித்துக்கொள்ளும். உப்பு வந்தாலோ, அமிலநிலை மாறினாலோ பிடி தளரும். குழாய்த் தண்ணீரில் கழுவியபோது அதிலிருந்த கரைந்த உப்புகளே நொதியத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும்.

பிடியை இறுக்க வேறு வழியும் உண்டு. களியின் மேற்பரப்பில் கொக்கி போன்ற மூலக்கூறுகளை முதலில் நட்டு, குளுற்றரல்டிகைட்டு என்ற இணைப்பானால் நொதியத்தை அவற்றோடு கட்டிவிடலாம். எமது அயலான கேரளத்தில், கொச்சி விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சஞ்சய், சுகுணன் என்ற ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். 2005இல் அவர்கள் மொன்மொறிலனைற்றில் பதித்த குளுக்கோ அமைலேசைக் குழாயில் நிரப்பி மாப்பொருளை உடைத்த முறையை வெளியிட்டார்கள். 2005இலேயே இன்வேற்றேசு நொதியத்தை அதே களியில் பதித்து, கசிவைக் குறைத்து மறுபயன்பாட்டைக் கூட்டும் வழியை வெளியிட்டார்கள். வெறுமனே ஒட்டவைப்பதையும் கட்டிவைப்பதையும் ஒப்பிட்டது அவர்களின் சிறப்பு.

ஆனால் இறுகக் கட்டினால் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு நொதியத்துக்கும் வேலை செய்யும் வாய் ஒன்று உண்டு. அந்த வாய் களிப்பக்கம் அமுங்கி ஒட்டினால், நொதியம் இருந்தும் பயனில்லை. களி பலமாக இழுத்தால் நொதியத்தின் மடிப்புக் குலைந்துபோகும். ஒற்றைகளின் ஆழத்துக்குள் நுழைந்துவிட்டால் மாப்பொருள் போன்ற பெரிய மூலக்கூறு அங்கே போய்ச் சேர முடியாது. ஆகவே பதித்த நொதியத்தின் வேகம் பெரும்பாலும் சற்றுக் குறையும். அதற்குப் பதிலாக ஆயுள் நீளும், வெப்பத்தைத் தாங்கும், திரும்பத் திரும்ப உழைக்கும். தளர்ந்த பிடியில் கழுவுப்பட்டுப் போகும், மூச்சுமுட்டும் பிடியில் வேலை நின்றுபோகும். இரண்டுக்கும் நடுவில் சரியான பிடியைக் கண்டுபிடிப்பதுதான் இத்துறையின் முழு வித்தையும்.

நியூ ஜேர்சியும் விரிகுடாவும்

"மண்ணைப் பிசைந்து என்ன வரும்?" என்ற தகப்பனாரின் கேள்விக்கு இனி விடை சொல்ல வேண்டும். எமது வீடுகளில் நீரிழிவுக்குக் குளிசை எடுப்போர் பலர். அதில் ஒன்று சிற்றாகிளிப்ரின். 2006 ஒக்ரோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நியூ ஜேர்சியின் றாவே நகரில் ஆய்வுகூடங்கள் வைத்திருக்கும் மேர்க் கம்பனியின் மருந்து. அதைத் தயாரிப்பதில் ஒரு படிக்கு றோடியம் என்ற மிக விலையுயர்ந்த உலோகமும் உயர் அமுக்க ஐதரசனும் தேவைப்பட்டன. விரிகுடாப் பகுதியின் றெட்வூட் சிற்றியிலுள்ள கோடெக்சிஸ் கம்பனியோடு சேர்ந்து, அந்தப் படியைச் செய்ய ஒரு நொதியத்தையே மாற்றி வளர்த்தெடுத்தார்கள். 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி விளைச்சல் 10 முதல் 13 வீதம் கூடியது, கழிவு 19 வீதம் குறைந்தது, பாரமான உலோகமே தேவையற்றுப் போனது. 2012இல் மேர்க் ஆய்வாளர்கள் இவ்வகை நொதியத்தைப் பிசின் மணிகளில் பதித்து, தண்ணீரல்லாத கரைப்பானிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். தாங்கி களிமண் அல்ல, தத்துவம் அதுவே.

களிமண் தாங்கி பெரிய ஆலைகளில் பிசினைப் போலப் பரவவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். களி மிகப் பொடியானது. குழாயில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். இடத்துக்கிடம் அதன் கலப்பும் வேறுபடும். ஆனால் சாயக் கழிவுத் தண்ணீரைச் சுத்திகரிப்பது போன்ற, செலவு தாங்காத வேலைகளுக்கு மலிவான தாங்கிதான் வேண்டும். அங்கேதான் களிமண்ணை நம்பி ஆய்வாளர்கள் உழைக்கிறார்கள்.

பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இது. வைத்தியமும் கணினியும் மட்டுமே படிப்பல்ல. நியூ ஜேர்சியிலும் விரிகுடாப் பகுதியிலும் ஹூஸ்ரனிலும் மருந்து, உணவு, சுத்திகரிப்பு ஆய்வுகூடங்களில் தொழில்நுட்ப உதவியாளர் வேலைகள் உண்டு. சமுதாயக் கல்லூரியின் இரண்டாண்டுப் படிப்போடு தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். செலவும் குறைவு. ஊரில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துப் போரினால் நிறுத்தியவர்கள் வயதைப் பாராமல் கல்லூரி ஆலோசகரிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை

பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க இதைச் செய்யுங்கள். பாமசியில் விற்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு போத்தல் வாங்குங்கள். பச்சை உருளைக்கிழங்கில் சிறு துண்டொன்றை வெட்டி ஒரு குவளையில் போட்டு, அது மூடும்வரை இத்திரவத்தை விடுங்கள். நுரை எழும். கிழங்கிலுள்ள கற்றலேசு என்ற நொதியம் அதை உடைத்து ஒட்சிசனை வெளிவிடுகிறது. நுரை அடங்கியதும் துண்டை எடுத்துத் தண்ணீரில் அலசி, புதிய திரவத்தில் போடுங்கள். மீண்டும் நுரைக்கும். கிழங்கின் கலங்களுக்குள் நொதியம் பிடிபட்டு இருப்பதால் துண்டைத் தூக்கி எடுத்து மறுபடி பயன்படுத்த முடிகிறது. கிழங்கைச் சுரண்டிப் பிழிந்த சாற்றை இன்னொரு குவளையில் விடுங்கள். அதுவும் நுரைக்கும், ஆனால் திரும்ப எடுக்க முடியுமா? கடைசியாக அவித்த கிழங்குத் துண்டைப் போடுங்கள். நுரை வராது. ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும். திரவம் கண்ணில் படாமல் கவனம். முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடுங்கள்.

முடிவாக

சென்ற மாதம் ஹூஸ்ரனிலிருந்து தொலைபேசி வந்தது. பேத்தி மண்ணை அடையவிட்டுக் களியைப் பிரித்து, உப்புப் போகக் கழுவி, ஆசிரியரின் மேற்பார்வையில் இணைப்பானையும் பயன்படுத்தி மீண்டும் செய்தாளாம். ஐந்தாம் குவளையிலும் நீலம் வரவில்லை. முதல் தடவையை விடச் சற்று நேரம் எடுத்ததாம். களியை இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க யார் பழக்கியது என்று ஆசிரியர் கேட்டாராம். "என்ரை அப்பப்பா" என்று சொன்னேன் என்றாள். பாடத்தை அவள் விடவில்லை. தகப்பனாரும் இப்போது மாலையில் அத்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் விடுகிறாராம், பின்கதவு திறக்கிறதாம்.

எம்மில் பலர் ஊரில் கற்ற தொழில் இங்கே உதவாது என்று எண்ணிக் கழுவி விட்டுவிடுகிறோம். பெரியவருடைய கையிலிருந்த அறிவு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் கேட்காமல் கிடந்தது, செத்துப்போகவில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு தாங்கி கிடைத்ததும் வேலை செய்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் மூலைக் கதிரையில் இருக்கக்கூடும். இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளை அவர் பக்கத்தில் இருத்தி, "நீங்கள் ஊரிலை என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்பதை எமக்கும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.